வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோகும் மெஷின்

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் மெஷின் நின்றபோது ரேணுகாம்பாள் முதலில் பார்த்தது தனசேகரனின் கைகளைத்தான்.

பிரிண்டர் பாதி வரியில் ஓய்ந்துவிட்டது. அவள் புரோகிராம் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. கம்ப்யூட்டரை நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டமே விழுந்துவிட்டதால் மற்றவர்கள் காலையிலிருந்து ஓட்டிய வேலையும் போயிற்று. மெஷினில் புரோகிராம்களை ஏற்றும் தனசேகரன், அவளுடைய புரோகிராம் துளையிட்டிருந்த அட்டைக் கட்டின் மேல் கை வைத்தபடி, "மறுபடியுமா!" என்றான். அந்த ஆச்சரியம் கொஞ்சம் அதிகமாகவே இருந்ததாக அவளுக்குப் பட்டது.

மேலாளர் ராமலிங்கம் சத்தம் போடவில்லை. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா பஞ்சிங் ரூமுக்கே போயிடுங்கம்மா. மாசக் கடைசியில உங்கள இந்த வேலையில கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார்.

நான்கு வருஷம் பஞ்சிங் அறையில் அட்டைகளில் துளை போட்டு, பரீட்சை எழுதி, புரோகிராம் எழுதும் இடத்துக்கு வந்தவள் அவள். மெட்ராஸின் அந்த அலுவலகத்தில் மெஷின் அறைக்குள் இருந்த ஒரே பெண். மாவட்டம் மாவட்டமாக மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் அச்சிடும் புரோகிராம்தான் அவளுடைய முதல் வேலை. மற்ற நாட்களில் யார் யாரோ அவளுடைய கட்டை ஏற்றினார்கள், ஓடியது. வெள்ளிக்கிழமை தனசேகரன் ஏற்றினான், நின்றது.

அவன் வாலாஜாபாத்தில் ஏறி, காஞ்சிபுரத்திலிருந்து வரும் அவளோடு ஒரே ரயில் பெட்டியில் பேசிக்கொண்டு வருகிறவன். வேர்க்கடலை வாங்கினால் பாதியைக் கொடுப்பான். "மெஷின் ரூம் குளுருக்கு உங்களுக்கு ஜலதோசம் புடிச்சிக்கும்மா, பேசாம கீழயே இருந்திருக்கலாம்" என்று ஒருமுறை சிரித்தான். அன்று அவளும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப எடுத்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று உதறிப் பார்த்தாள். போன வாரம் அட்டைக் கட்டின் விளிம்பில் மசியால் சாய்வாகக் கோடு இழுத்து வைத்திருந்தாள். ஒரு அட்டை இடம் மாறினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு உடையவில்லை. அப்படியானால் அவன் கெட்டிக்காரன் என்றுதான் அவள் மனசு சொல்லிற்று.

சனிக்கிழமை ராமலிங்கத்தின் அறைக்குப் போனாள். "தனசேகரன் ஏத்தும்போது மட்டுந்தான் நிக்குது சார்" என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

தன் அட்டைக் கட்டு இருந்த பெட்டியை அவனிருக்கும் இடத்தில் விட்டுவர மனமில்லாமல், மெஷின் நின்ற நேரத்தில் மெமரியில் இருந்ததையெல்லாம் அச்சடித்த காகிதக் கத்தையோடு சேர்த்து வீட்டுக்கே தூக்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன காஞ்சிபுரத்து வீட்டில், தறிக்குப் பக்கத்திலிருந்து சமையலறை வரைக்கும் காகிதம் விரிந்து கிடந்தது. அண்ணி காந்தா பட்டு நூல் கண்டுகளோடு வந்து நின்றாள்.

"இன்னாடி இது, பாவு போட்டா மாதிரி வூடு பூரா காயிதம்? நான் எங்க கால் வைக்கறது?"

"ஓரமா போங்க அண்ணி. மெஷின் நின்னப்போ அது மண்டைக்குள்ள இன்னா இருந்துச்சோ அவ்ளோவும் இதுல இருக்குது."

"செத்தவன அறுத்துப் பாக்கற கணக்கா?"

"அப்படித்தான்."

"யாரு கொன்னதுன்னு எழுதியிருக்குதா?"

"அதத்தான் தேடிக்கினு இருக்கேன்."

மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். மெமரியின் மேற்கோடி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இடம். அதன் கட்டளைகள் இருக்க வேண்டிய வரிகளில் மாணவர்களின் பதிவு எண்களும் மதிப்பெண்களும் இருந்தன. அவளுடைய புரோகிராம் தன் இடம் நிரம்பியும் நிற்காமல் மேலே மேலே எழுதிக்கொண்டு போய் அதன் மேலேயே எழுதியிருக்கிறது. எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு இடம் என்று கட்டின் முதல் அட்டையில் துளையிட்டிருக்கும். அதைத் தாண்டினால் மெஷின் அந்தப் புரோகிராமை மட்டும் நிறுத்திவிடும். அந்த அளவு பதிவாக வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் என்றால் எல்லையே இல்லை.

அளவு அட்டையை உருவியிருக்கிறான்! அவளுக்குள் எழுந்தது கோபம்கூட இல்லை, சந்தோஷம். பெட்டியைத் திறந்தாள்.

அளவு அட்டை இருந்தது, இரண்டாவதாக. அதற்கு முன்னால் ஒரு துளைகூட இல்லாத அட்டை. அதில் நீல மசியில் பிள்ளையார் சுழி, மூலையில் துளி மஞ்சள். அவள் கையெழுத்து.

அந்த வீட்டில் கடிதமானாலும் மளிகைச் சீட்டானாலும் சுழி போடாமல் தொடங்குவதில்லை. மெஷினுக்கு மசி தெரியாது, துளைதான் தெரியும். வெறும் அட்டை காற்றுப் போலக் கடந்துவிடும் என்று நினைத்திருந்தாள். மெஷின் அதைத்தான் முதல் அட்டையாக எடுத்துக்கொண்டு, எண் இல்லாததால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டது. சின்ன மாவட்டங்களுக்கு இடம் போதுமாயிருந்தது. பெரிய மாவட்டங்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்தன. மசிக்கோடு அந்த அட்டையின் விளிம்பிலும் ஒழுங்காக ஓடியிருந்தது.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். இதை எடுத்துவிட்டு, பட்டியலுக்கு இடத்தைக் கூட்டினால் போதும். மெஷின் இனி விழாது. ராமலிங்கம் எப்படியும் தனசேகரனை மாற்றிவிடுவார், அதனால்தான் சரியாகிவிட்டது என்பார்கள். யாரும் தோண்ட மாட்டார்கள். நாளடைவில் அவளேகூட அதை நம்பிவிடலாம். அப்படி நம்பிவிடக்கூடியவள் என்று தெரிந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை வாலாஜாபாத்தில் ஏறியவன் எதிரே உட்கார்ந்தான்.

"சனிக்கிழம சார் கூப்ட்டாரும்மா. இனிமே மெஷின் பக்கம் வராத, கீழ அட்டை அடுக்குன்னுட்டாரு. யாரோ இன்னாவோ சொல்லியிருக்கறாங்க."

தெரிந்துகொண்டுதான் ஆழம் பார்க்கிறானோ? அந்த நினைப்பும் வந்தது. அவள் அட்டையை எடுத்து நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சுழியைப் பார்த்தான். "எப்ப தெரிஞ்சிது?"

"நேத்து."

"அப்போ சனிக்கிழம சார்கிட்ட சொன்னது?"

"நாந்தான்."

"காயிதத்தக் குடுங்க" என்று வாங்கி மடியில் விரித்தான். அவள் பேச்சை நம்பாமல், ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துத் தானே சரிபார்த்தான். தாம்பரம் தாண்டும்வரை அவன் நிமிரவில்லை. அவளும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

"சரியாத்தான் இருக்குது" என்று மடித்துக் கொடுத்தான். "சார்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

சொன்னாள். அன்று மாலைக்குள் தனசேகரன் மெஷின் அறைக்குத் திரும்பினான். அவளைப் பஞ்சிங் அறைக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் ராமலிங்கம்.

மறுநாள் வாலாஜாபாத்தில் அவன் பிளாட்பாரத்தில் நடந்து வந்தான். ஜன்னலில் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த பெட்டியில் போய் ஏறினான். வண்டி நகர்ந்தது. இவன் இதை ஆபீஸில் யார் யாரிடம் சொல்லியிருப்பான் என்று கணக்குப் போடத் தொடங்கிய மனசை அவள் பாதியில் பிடித்து நிறுத்தினாள்.