இருபது கிராம்

என் தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்து, குறைந்தால் அங்கேயே பறிமுதல் செய்கிற உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் எந்தக் கருத்தைச் சொன்னாலும் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்பார். கடைசியில், "இருபது கிராம் குறையுது மச்சான்" என்பார்.

நாற்பத்தொரு வருடம். என் கருத்து ஒரு நாள்கூட முழு எடைக்கு வந்ததில்லை.

எனக்கோ கருத்துகள் ஏராளம். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியோடு தொங்கிக்கொண்டிருந்தால் மனிதனுக்குக் கருத்து வராமல் என்ன செய்யும்? கடவுள் விஷயத்தில் என் தீர்ப்பு இதுதான்: "பொத்தானைப் பத்து தடவை அமுக்கினா லிஃப்ட் சீக்கிரம் வந்துடுமா? வராது. வேண்டுதலும் அதே கதைதான் மாப்பிள்ளை."

"ஒரு தடவையாவது அமுக்கணுமே மச்சான்" என்பார் அவர்.

அரசியலில் அவருக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி. அந்த இரண்டு கட்சிகளும் மூன்று தடவை கூட்டணி வைத்துக்கொண்டன. நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே கட்டிடத்தில் நான் இரண்டாவது மாடி, அவர்கள் நான்காவது மாடி. காலை எட்டு மணிக்கு நான் மேலே போவேன். பதினொன்றுக்குத் தங்கை எங்கள் இருவரையும் திட்டிப் பிரிப்பாள்.

நான்கு மாதத்துக்கு முன் மாப்பிள்ளைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு மொத்தமாகப் போயிற்று, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. எல்லா வார்த்தைகளையும் அள்ளிக்கொண்டு போன வெள்ளம் அதை மட்டும் ஏன் விட்டுவைத்ததோ.

"சரி."

சாப்பிட்டாச்சா? சரி. மின்விசிறியை நிறுத்தவா? சரி. என் கட்சிதான் நாட்டைக் காப்பாற்றும். சரி.

எழுபத்திரண்டு வயதில் எல்லா விவாதத்திலும் ஜெயித்துக்கொண்டிருந்தேன். இதைவிட மோசமான காலம் எனக்கு வாய்த்ததில்லை.

வியாழக்கிழமை அவர்களுடைய மகன், என் மருமகன், வெளியூரிலிருந்து வந்தான். நல்ல பையன். அவனுடைய ஒரே குறை, சொல்வதெல்லாம் நியாயமாக இருக்கும். நான்காவது மாடி வேண்டாம், அம்மாவின் முழங்கால் தாங்காது, தன் வீடு தரைத்தளம், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னான். பிறகு அப்பாவின் முன்னால் குனிந்து உட்கார்ந்து கேட்டான்.

"அப்பா, அம்மாவும் நீங்களும் எங்ககூட வந்துடறீங்களா?"

"சரி" என்றார் மாப்பிள்ளை. தலையையும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

நான் அவனை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "டேய், அவர் எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்வார். பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருதே, அதுவே சொல்லிச்சு. புரியறதெல்லாம் புரியுது, வார்த்தைதான் வரல, இவர் சொல்ற சரிக்கு சம்மதம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்கன்னு."

"மாமா, உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு கருத்து இருக்கும்."

"இது கருத்து இல்லடா!"

"தனியா இருக்கணுமேன்னு உங்களுக்குப் பயம். அது எனக்குப் புரியுது மாமா." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். நம்மைப் புரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன், எதற்கென்று மறந்து மூடினேன். பிஸ்கட் பாக்கெட்டில் 'இங்கே கிழிக்கவும்' என்று போட்டிருந்தது. அங்கே கிழியவில்லை. அங்கே தவிர எல்லா இடத்திலும் கிழிந்தது. இதை உடனே போய் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும், அவர் அதை மறுத்தாக வேண்டும். அந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்.

அந்தப் பயிற்சிப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். நாமாக வரவழைத்தால் வராத வார்த்தை, கோபத்திலோ சிரிப்பிலோ சில நேரம் தானாக வந்து விழுமாம். மாப்பிள்ளையைக் கோபப்படுத்த இந்த உலகத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் யார்? அவர் வாயிலிருந்து ஒரே ஒரு 'இல்லை' வந்தால் போதும். மருமகன் நின்று யோசிப்பான். என்னிடம் மூன்று நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை அரசியலில் தொடங்கினேன்.

"மாப்பிள்ளை, உங்க தலைவர் ஒரு திருடன்."

"சரி."

இதே வாக்கியத்துக்கு ஒரு தடவை என்னோடு பதினெட்டு நாள் பேசாமல் இருந்த மனிதர்!

"சரி, திருடன் இல்ல. மகான். அவர் பேச்சைக் கேட்டு நேத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த தேர்தல்ல என் ஓட்டு அவருக்குத்தான்."

"சரி."

உள்ளே துணிகளை மடித்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீ போறதுக்கு ஒத்துக்கிட்டியா?" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்கென்ன. அங்க போனா மாவு பிசைய மருமக இருக்கா, மருந்து வாங்க மகன் இருக்கான். இங்க இருந்தா முட்டி வலி, முதுகு வலி, அப்புறம் நீ."

"என்னை எதுல சேக்கற?"

"வலியிலதான்." மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அவர் வாயால சொன்னா எங்க வேணா இருப்பேன் அண்ணா. அவர்தான் சொல்ல மாட்டேங்கறாரே."

சனிக்கிழமை காலை சில்லறை எரிச்சல்களை வரிசையாக எடுத்துவிட்டேன். பேருந்தில் போனை ஒலிபெருக்கியில் போட்டு ஊர் முழுக்கக் கேட்கப் பேசுகிறவர்களைப் பாராட்டினேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று நாற்பது நிமிடம் காக்கவைக்கும் குரலை இனிமையான குரல் என்றேன். கடைத் தராசுகளில் இப்போதெல்லாம் ஏமாற்றே கிடையாது என்று அவர் தொழிலிலேயே கை வைத்தேன். எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி.

மத்தியானம் கேவலமான ஒரு காரியம் செய்தேன். இந்தக் கட்டிடத்து லிஃப்ட் பல வருடம் என் பராமரிப்பில் இருந்தது. மொட்டைமாடி இயந்திர அறையின் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. லிஃப்ட் நின்றுவிட்டால் சக்கர நாற்காலி நான்கு மாடி எப்படி இறங்கும்? ரயில் எப்படிப் பிடிக்கும்? மேலே ஏறிப் போய் மெயின் சுவிட்சில் கை வைத்தேன். உடனே போன் அடித்தது.

"அண்ணா, எங்க இருக்க?"

"காத்து வாங்கறேன்."

"கதவு கிரீச்சுன்னு திறந்த சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. இறங்கி வா. மூணாவது மாடி அம்மாவுக்கு நாளைக்கு டயாலிசிஸ்."

இறங்கி வந்தேன். கதவுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, போடவில்லை.

சாயங்காலம் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். மதம். நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். "மாப்பிள்ளை, கடவுள் கிடையவே கிடையாது" என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"உங்களை ஆஸ்பத்திரில சேர்த்த அன்னைக்கு அங்க கீழ லிஃப்டுக்காக நின்னேன். ஆறாவது மாடிலேருந்து வந்துட்டு இருக்குன்னு விளக்கு காட்டுது. முப்பத்தஞ்சு வருஷம் அந்த மெஷினோடயே கிடந்தவன் நான். இருந்தும் பொத்தானைப் பதினஞ்சு தடவை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் யாரையோ கெஞ்சினேன். யாருன்னு கேக்காதீங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மெல்ல எழுந்து என் முழங்கால்மேல் வந்து உட்கார்ந்தது.

"சரி" என்றார்.

அன்றைக்கு அதற்குமேல் அவரைக் கோபப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வழக்கம்போல மேலே போனேன். வாசலில் இரண்டு பெட்டி, ஒரு பை, மடித்துவைத்த வாக்கர். மாப்பிள்ளைக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலை வாரி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தங்கை பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தோற்றவன் கௌரவமாக வழியனுப்ப வேண்டும் அல்லவா? அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, ராத்திரி தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சந்தோஷமா போயிட்டு வாங்க மாப்பிள்ளை. என்னைப் பத்திக் கவலையே படாதீங்க. இனிமே காலைல நிம்மதியா பேப்பர் படிப்பேன். நீங்க இல்லாதது எனக்கு ஒரு விஷயமே இல்ல."

மாப்பிள்ளையின் இடது கண் இடுங்கியது.

வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் பயந்துபோய் அவர் கையைப் பிடித்தேன்.

"கு... கு... குறையுது."

பிளாஸ்க் மூடி தரையில் உருண்டு ஓடியது.

"அப்பா?" என்று மருமகன் ஓடிவந்தான். "என்னப்பா சொன்னீங்க?"

அவர் அவனைப் பார்க்கவே இல்லை. கள்ள எடைக்கல்லோடு பிடிபட்ட கடைக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "குறையுது" என்றார் மறுபடியும், இந்தத் தடவை திக்காமல்.

"ஆமா மாப்பிள்ளை, குறையுது. ரொம்பவே குறையுது" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடினேன். இந்தக் காலத்துக் கால்சட்டைகளில் பை எங்கே வைக்கிறார்கள் என்பது பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு.

மருமகன் தரையில் முட்டி போட்டான். "அப்பா, எங்ககூட வரீங்களா?"

"சரி."

அவன் எழுந்திருக்கப் போனான். பாதி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.

"இல்ல... இங்கயே இருக்கீங்களாப்பா?"

"சரி."

அவன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். "நாலு மாசமா தினமும் போன்ல எப்படிப்பா இருக்கீங்கன்னு கேட்டேன் மாமா. சரின்னார். அப்பா நல்லா இருக்கார்னு நினைச்சுட்டேன்."

இந்தத் தடவை நான் அவன் தோளைத் தட்டினேன்.

டிக்கெட்டை ரத்து செய்தான். ஒரு மாதம் என்று கறாராகச் சொன்னான். அந்தப் பயிற்சிப் பெண்ணோடு தானே உட்கார்ந்து பேசுவானாம். அப்பா வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ தன் வாயால் சொல்லட்டும், எது சொன்னாலும் அதன்படிதான் என்றான். நியாயம். ஒரு மாதம் கழித்து, தெளிவான வார்த்தையில், "போறேன் மச்சான்" என்று மாப்பிள்ளையே சொல்லலாம். அதற்குள் அவர் வாயில் அந்த வார்த்தையை வரவழைக்கப் போகிற முட்டாளும் நானாகத்தான் இருப்பேன்.

தங்கை பையிலிருந்து டீத்தூளை வெளியே எடுத்தாள். நாலு தம்ளர் டீ வந்தது. அவருடையதை உதட்டருகே பிடித்துக்கொண்டு, "டாக்டர் சொன்ன அரை ஸ்பூன்தான் போட்டிருக்கேன். சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள்.

"குறையுது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, இது நிஜமாவா, சும்மா வாய்க்கு வந்ததா?"

தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். "போதும்டா சாமி, இதுவே பாயசம் மாதிரி இருக்கு" என்றேன்.

மாப்பிள்ளை இடது கண்ணை இடுக்கினார்.