சட்டைப்பையில் இருந்த பூட்டு

ரத்மியைப் பெண் கேட்டுப் போன அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: மாப்பிள்ளை தெகார், அவன் தகப்பனார் வீர்யோனோ, தாயார் சுமிரா, பெண்ணின் தகப்பனார் சுகிர்மான், ரத்மி, தொழுகை நடத்தி வைத்த பெரியவர், இரு பக்கத்துச் சொந்தக்காரர்கள் முப்பது பேர், வாசலில் வண்டிகளை வரிசைப்படுத்திய கிமின். வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை.

அதற்கு ஆறு வாரம் முன்பு தெகாரின் பழைய மோட்டார் சைக்கிள் சந்தை வாசலில் திருடு போயிருந்தது. செருப்புத் தொழிற்சாலை இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி. காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மூன்று நாள் தாமதமானால் பெயரை எடுத்துவிடுவார்கள். சுமிரா தன் வளையல்களை விற்று வேறு வண்டி வாங்கிக் கொடுத்தாள். விற்க இனி வளையல் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் வீர்யோனோ லியோங்கின் கடைக்குப் பூட்டு வாங்கப் போனார். லியோங் முதலில் ஒரு தடித்த சங்கிலியை மேசைமேல் போட்டார்.

"இத அறுக்கணும்னா திருடன் சாப்பாட்டு மூட்டையோட வரணும் பாக்." ஜாவாவில் பெரியவர்களை 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சம்பந்தி வீட்டுக்கு நான் சங்கிலியத் தோள்ல போட்டுக்கிட்டுப் போகவா? ஜெயில்லேருந்து தப்பிச்சு வந்தவன் மாதிரி?"

"அப்ப இது. வண்டியத் தொட்டா ஊரே எழுந்துக்கிற மாதிரி கத்தும்."

"தொழுகை நடுவுல கத்தினா?"

லியோங் பெருமூச்சு விட்டுக் கடைசியாக ஒன்றை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புப் பூட்டு. முன்சக்கரத்து பிரேக் தட்டின் துளையில் மாட்டினால் சக்கரம் சுற்றாது. சத்தம் கிடையாது, தொங்காது, சட்டைப்பையில் போட்டால் வெளியே தெரியாது. வீர்யோனோ அதைத்தான் தேர்ந்தெடுத்தார். வீட்டு முற்றத்தில் குனிந்து மாட்டிப் பழகினார். பத்து எண்ணுவதற்குள் முடிந்தது.

"யாராவது பார்த்தா செருப்பு வாரக் கட்டுறதா சொல்லிக்குவேன்."

"உங்க ஷூவுக்கு வார் எங்க இருக்கு?" என்றாள் சுமிரா.

அன்று வாடகை வேனில் சீர்த்தட்டுகளுக்கே இடம் பற்றவில்லை. தெகாரும் சுமிராவும் தட்டுகளோடு நெருக்கி உட்கார, வீர்யோனோ பத்திக் சட்டை கசங்காமல் மகனின் வண்டியை ஓட்டிக்கொண்டு வேனுக்குப் பின்னால் வந்தார். வாசலில் கிமின் விசில் ஊதினான்.

"ஹேண்டில் பூட்டாதீங்க பாக். இன்னும் இருபது வண்டி வரும், நான் தள்ளி நகர்த்தணும்."

ஜாவாவில் எங்கும் அதுதான் வழக்கம். ஹேண்டிலைப் பூட்டாமல் விட்டார். கிமின் அடுத்த வண்டிக்குப் போனதும் முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தார். பூட்டு பிரேக் தட்டைத் தொட்ட நேரம், தலைக்குமேல் குரல் கேட்டது.

"என்ன சம்பந்தி, எதாவது விழுந்துடுச்சா?"

சுகிர்மான் தாமே வாசலுக்கு வரவேற்க வந்து நின்றார். அந்தத் தெருவுக்குத் தலைவர் அவர். வீர்யோனோ நிமிர்ந்தார். பூட்டு பைக்குள் போயிற்று.

"ஒண்ணுமில்ல. ஷூவுல மண்ணு."

"நல்லவேளை! போன மாசம் ஒருத்தர் இங்க வண்டிக்குச் சங்கிலி போட்டாரு. 'மாட்டுச் சந்தைக்கு வந்துட்டீங்களா பாக்'னு கேட்டேன். இருபது வருஷமா இந்தத் தெருவுல ஒரு கோழிகூடக் காணாமப் போனதில்ல." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீர்யோனோவும் சிரித்தார். அந்தச் சொல்லுக்குப் பிறகு குனிந்து பூட்டுவது, வீட்டுக்காரரை முகத்துக்கு நேரே திருடன் என்பதற்குச் சமம். வீர்யோனோவின் குடும்பத்தில் யாரும் அப்படி நடந்ததில்லை.

தொழுகை முடிந்ததும் கை கழுவ வெளியே வந்தார். வரிசையில் ஒரு வண்டியின் இடம் காலியாக இருந்தது. கிமின் சுவரோரம் உட்கார்ந்து மஞ்சள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விருந்தன்று ஒருவனை வாசலில் பட்டினியாக நிறுத்தலாமா என்று சுகிர்மான்தான் தட்டை அனுப்பியிருந்தார்.

வீர்யோனோ அந்த இடத்தையே பார்த்தார். எண்ணெய் ஒரு சொட்டு சிந்தியிருந்தது, இன்னும் காயவில்லை. இப்போதே கத்தினால் பத்துப் பேர் பத்து வண்டியில் பாய்வார்கள். திருடன் பெரிய சாலைக்குப் போயிருக்க மாட்டான். உள்ளே சுமிரா மோதிரப் பெட்டியைத் திறக்கும் நேரம். முப்பது பேர் முன்னால், மோதிரம் போடும் வேளையில், இந்த வீட்டு வாசலில் களவு போயிற்று என்று சொல்வதா?

கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மோதிரம் ரத்மியின் விரலில் ஏறியது. சோறு வந்தது. "குழம்பு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, கிளம்பும்போது, தெகார்தான் கேட்டான்: "அப்பா, வண்டி எங்க?"

சுகிர்மானின் முகம் சாம்பலாயிற்று. ஆட்கள் ஓடினார்கள், திரும்பினார்கள். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். சுகிர்மான் தம் வண்டிச் சாவியை நீட்டினார்.

"எடுத்துக்குங்க சம்பந்தி. என் வாசல்ல போனது."

"நாங்க பொண்ணு கேட்டு வந்தோம். வண்டி கேட்டு வரல" என்றார் வீர்யோனோ.

தெகார் மறுநாளிலிருந்து வழியில் யாராவது ஏற்றிக்கொள்வார்களா என்று இருட்டிலேயே சாலையில் நின்றான். மூன்று நாள் தாமதம். நான்காம் நாள் வாயிற்காவலர் அவன் அட்டையை வாங்கிக்கொண்டார். வேலை கிடைத்த பிறகு தேதி பார்க்கலாம் என்று சுகிர்மான் சொல்லி அனுப்பினார். பிறகு அவரிடமிருந்து சொல் எதுவும் வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் மோதிரம் ஓர் உறையில் திரும்பி வந்தது.

அந்தப் பூட்டைத் திருடர்கள் இரண்டே நிமிடத்தில் உடைத்துவிட்டார்கள் என்று இரண்டு வீட்டுத் தெருவிலும் பேசிக்கொள்கிறார்கள். லியோங்கிடம் அந்த வகையை இப்போது யாரும் வாங்குவதில்லையாம்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. அது வீர்யோனோவின் அலமாரியில், மேல்தட்டில், இரண்டு சாவிகளோடு இருக்கிறது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.