சம்மாட்டி கேட்ட வல்லாரை மருந்து

நடராசாச் சம்மாட்டி என் ஆய்வுகூட வாசலில் கைகூப்பி நின்றார். சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைக்காத குறையாக நான் காத்திருந்த நாள் அது.

அவர் முதலாளியாக இருந்த வள்ளத்தில்தான் என் அண்ணன் ஜெயதீபன் மயிலிட்டியிலிருந்து கடலட்டை பிடிக்கப் போனார். ஆழத்தில் நெடுநேரம் சுழியோடிவிட்டு மேலே வந்ததும் கால் விறைத்தது. திரும்ப ஆழத்துக்கு இறங்கினால் விறைப்பு விட்டுவிடும் என்று சுழியோடிகளிடையே ஒரு நம்பிக்கை. சம்மாட்டி அதைச் சாட்டாக வைத்து அண்ணனை மறுபடி இறக்கினார், அட்டை போடும் பையையும் கையில் கொடுத்து. கரைக்கு வர அந்தியாகிவிட்டது. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு அதற்குள் செத்துப்போயிருந்தது. அண்ணன் இன்றைக்கும் சக்கர நாற்காலியில்தான். சம்மாட்டி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்ததில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் நான் இந்தத் துறையைப் படித்தேன். வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த சேர்வையை, முள்ளந்தண்டில் அடிபட்ட எலிகளுக்கு ஏற்றிப் பார்க்கிறேன். அடிபட்ட சில மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் நரம்புக் கலங்கள் பல சாகாமல் தப்புகின்றன. சில எலிகள் எழும்பி நடக்கின்றன. பிந்தினால் பிரயோசனம் இல்லை. போன கிழமை பேப்பரில் இந்தச் செய்தி வந்திருந்தது.

“நிரோஜாப் பிள்ளை, என்ரை மகன் பிரகலாதன் விடிய மோட்டார் சைக்கிளோடை மதிலிலை அடிபட்டிட்டான். இடுப்புக்குக் கீழை உணர்ச்சி இல்லையாம். இன்னும் நேரம் கிடக்குத்தானே? அந்த மருந்தைத் தாங்கோ.”

“மனிசருக்குக் குடுக்க இன்னும் அனுமதி இல்லை.”

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உங்கடை காலிலை விழுறன்.”

விழுந்தேவிட்டார். நான் தூக்கவில்லை. அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தபடி நின்றேன், நெஞ்சு குளிர்ந்தது. சட்டம் என் பக்கம். எந்த டொக்டரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

“ஏலாது” என்றேன்.

“ஜெயதீபன்ரை விசயத்தை மனசிலை வைச்சிருக்கிறியள்.”

“ஓம்.”

அவர் சுவரைப் பிடித்து எழும்பினார். மூலையில் இருந்த பிரிட்ஜின் கண்ணாடிக் கதவுக்குள் மருந்துக் குப்பிகள் தெரிந்தன. அவருடைய கண் அங்கேயே நின்றது.

“ஒண்டு மட்டும் சொல்லுங்கோ பிள்ளை. அதைக் குடுத்தால் அவன் நடப்பானோ?”

மனிதருக்கு அது என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் செய்யாமலே போகலாம். அதைச் சொல்லியிருந்தால் சம்மாட்டி ஆறியிருப்பார். எல்லாம் தலைவிதி என்று மனதைத் தேற்றிக்கொண்டு மகனிடம் போயிருப்பார்.

“ஓம் சம்மாட்டியார், நடப்பான்” என்றேன்.

அவர் போகவில்லை. பிரிட்ஜைப் பார்த்தபடி அந்த இடத்திலேயே குந்திவிட்டார். நான் எலிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போனேன்.