ஊசி பச்சையில் உள்ளது

கஞ்சிக்கோட்டில் உள்ள ஓர் இரும்பு உருக்காலையில் இருபத்து நான்கு தீயணைப்பான்கள் இருந்தன. அவற்றை மாதந்தோறும் பார்வையிடும் பொறுப்பு குப்பண்ணனுடையது. பத்தொன்பது ஆண்டுகள் உலைக்கு முன்னால் நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனமையால், ஆறாண்டுகளுக்கு முன்னர் அவருக்கு இப்பணி அளிக்கப்பெற்றது. ஒவ்வோர் உருளையாகச் சென்று, அழுத்தங்காட்டும் ஊசி பச்சைப் பகுதியில் நிற்கின்றதா, பூட்டுக் கொக்கி இருக்கின்றதா, குழாயில் வெடிப்பு உண்டா என்று நோக்கி, உருளையின் கழுத்தில் தொங்கும் அட்டையில் கையொப்பமிட வேண்டும். இவற்றுள் கையொப்பமிடுவதை அவர் ஒரு மாதமும் தவறியதில்லை. முதலாண்டில் அட்டைகளைத் தேடி அவர் நடந்தார். பின்னர், தேநீர் கொண்டுவருபவரின் தயவால், அட்டைகளே அவரைத் தேடி வந்தன.

அவ்வாண்டு ஐப்பசியில் ஆலையின் தீப்பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மேலாளர் பூபதிராஜா குப்பண்ணனை அழைத்தார்.

“ஏனுங்ணா, பூசை லீவு முடிஞ்ச மக்யா நாளு இன்ஸ்பெக்சன். சர்ட்டிபிகேட் வரலீன்னா மேல இருக்கறவங்க என்னையக் கேப்பாங்க. நான் உங்களத்தான் கை காட்டோணும். அப்பறம் நீங்க பழையபடி உலைக்கே போகோணுமுங்க.”

“இந்தக் காலை வெச்சுக்கிட்டுங்களா?”

“காலை வேண்ணா ஆபீஸ்ல வெச்சுப்போட்டுப் போங்க.”

குப்பண்ணன் அன்றிரவு உறங்கவில்லை. உலைமேடைக்கு ஏறப் பதினெட்டுப் படிகள். இப்பொழுது அவரால் தொடர்ந்து ஏற முடிவது நான்கே.

இடையில் ஆயுத பூசை வந்தது. ஆயுதம் எது, ஆயுதம் அல்லாதது எது என்னும் ஆராய்ச்சியில் நம்மவர் என்றுமே இறங்கியதில்லை. லாரிக்கும் தராசுக்கும் கணினிக்கும் பொட்டு உண்டெனில், தீயணைப்பான் மட்டும் செய்த பாவம் யாது? தொழிலாளர்கள் இருபத்து நான்கையும் சுவரினின்று இறக்கி, சவர்க்காரம் இட்டு நீராட்டி, செவ்வந்தி மாலை அணிவித்து, முகத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பினர். உருளைக்கு முகம் என்பது ஊசியைக் காட்டும் அந்த வட்டக் கண்ணாடியே. பூசை முடிந்தபின், எது எங்கே இருந்தது என்பது எவருக்கும் நினைவில்லை. ஆகவே, எவ்விடத்துக்கு எது மரியாதை என்று தாமே தீர்மானித்துத் திரும்ப மாட்டினர்.

ஆய்வுக்கு வந்தவர் லிஜி என்னும் தீயணைப்புத் துறை அலுவலர். வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் உருளையின் முன்னே நின்று, மாலையை விலக்கிப் பார்த்தார்.

“இதுல ஊசி எங்கண்ணே?”

“பொட்டுக்கு அடியில இருக்குதுங்க அம்மணி.”

“பொட்டு என்னைக்கு வச்சது?”

“முந்தாநேத்துங்க.”

“நீங்க கையெழுத்துப் போட்டது?”

“இன்னைக்குக் காலையிலைங்க.”

“அப்ப பொட்டுக்குள்ள எட்டிப் பாத்திருக்கீங்க.”

“அப்படின்னே வெச்சுக்கலாமுங்க.”

லிஜி காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். ஊசி பச்சையில் நின்றது. அதைக் கண்டு அவரினும் மிகுதியாக வியந்தவர் குப்பண்ணனே. “நாஞ் சொன்னனில்லீங்களா,” என்றார். அடுத்த ஏழு உருளைகளிலும் அவ்வாறே பச்சை. எட்டாவதைக் கடந்தபொழுது குப்பண்ணனின் நடையில் முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருந்தது.

மின்பலகை அறையில் லிஜி நின்றுவிட்டார். அங்கே தொங்கியது நீர் நிரப்பிய உருளை.

“கரண்டுல தண்ணி அடிச்சா என்ன ஆகும்ணே?”

“அடிச்சவன் அடுத்த பூசைக்கு இருக்க மாட்டானுங்க.”

“பெறகு இது இங்க எப்படி வந்துச்சு?”

“பூசைக்குன்னு எறங்கி வந்துச்சுங்க. திரும்பிப் போகையில வழி தப்பிருச்சு.”

“இங்க இருக்க வேண்டியது எங்கன போயிருக்கு?”

அது பூபதிராஜாவின் அறைவாயிலில் இருந்தது. கறுத்த கூம்பு வாயுடன் மற்றவற்றினும் கம்பீரமாக விளங்கியமையால், மேலாளருக்கு அதுவே தகுதி என்று தொழிலாளர்கள் தீர்மானித்திருந்தனர். மேலாளரும் அக்கம்பீரத்தை மதித்து, கூம்பின்மேல் தம் குடையை மாட்டியிருந்தார்.

லிஜி குடையை எடுத்து, அறையினின்று வெளியே வந்த மேலாளர் கையில் கொடுத்துவிட்டு, உருளையைத் திருப்பினார். வட்டக் கண்ணாடி எங்கும் இல்லை. வெற்று இரும்பின்மீதே பொட்டு இருந்தது. அவர் அட்டையை அவிழ்த்து உரக்கப் படித்தார்.

“‘ஊசி பச்சையில் உள்ளது.’ போன வருசம் ஜனவரியில இருந்து இந்த மாசம் வரைக்கும், இருபத்திரண்டு தடவ.”

“ஆமாங்க அம்மணி.”

“இதுல ஊசியே கிடையாதேண்ணே.”

குப்பண்ணன் குனிந்து பார்த்தார். சுற்றி வந்தும் பார்த்தார். “பூசையில கழுவையில கழண்டு விழுந்திருக்குமுங்களா?”

“பொறக்கும்போதே இல்லண்ணே. இது கரியமில வாயு சிலிண்டர். எடை போட்டுத்தான் பாக்கணும்.”

உலைமேடையின் பதினெட்டுப் படிகளும் குப்பண்ணனின் கண்முன்னே வரிசையாக எழுந்து நின்றன. அவர் பொய் சொல்லும் முயற்சியைக் கைவிட்டார். “எனக்குத் தெரியாதுங்க. மேல இருந்த வரியப் பாத்துக் கீழ எழுதுனனுங்க. நடக்க முடியலீங்க.”

பூபதிராஜா குடையை ஆட்டியபடி முன்வந்தார். “இல்லாத ஊசிக்கு இருபத்திரண்டு மாசமாப் பச்சை காட்டியிருக்கறாரு பாருங்க. இந்த ஆள நம்பி ஆலையே இருந்திருக்குது. நாளைக்கே உலைக்கு மாத்தறனுங்க. அப்படியே ரிப்போர்ட்ல எழுதிக்குங்க மேடம்.”

லிஜி பேனாவைத் திறந்தார். திறந்தவர் அட்டையின் கடைசிப் பத்தியை நோக்கினார். ‘சரிபார்த்தவர்’ என்னும் தலைப்பின்கீழ், பாம்பு நெளிவது போன்ற கையொப்பம் ஒன்று மாதந்தவறாமல் இருந்தது; அதுவும் பச்சை மையில்.

“இது யாரு கையெழுத்து சார்?”

பூபதிராஜா நெடுநேரம் அட்டையைப் பார்த்தார். தம் கையொப்பத்தை அவர் அவ்வளவு கவனமாக நோக்கியது அதுவே முதன்முறை. “அது வந்துங்க... அவரு பாத்தாருன்னு நான் பாத்ததுங்க.”

“அப்ப அவரு உலைக்குப் போனா நீங்களும் கூடப் போகணும்லா?”

குப்பண்ணன் தொண்டையைச் செருமினார். “எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. படியேறையில புடிச்சுக்க ஓராளு இருந்தா நல்லதுதானுங்க.”

லிஜி அட்டையைத் தம் கோப்பினுள் வைத்துக்கொண்டார். சான்றிதழ் இன்று இல்லை என்றும், பதினைந்து நாளில் மீண்டும் வருவதாகவும் கூறினார். உருளைகள் அனைத்தும் உரிய இடம் சேர வேண்டும்; ஆலையில் உள்ள கரியமில வாயு உருளைகள் ஆறும் எடை காணப்பெற வேண்டும்; கையொப்பமிட்ட இருவரும் தாமே அதனைச் செய்ய வேண்டும். “ஆள மாத்தினா நான் முதல்ல இருந்து விசாரிக்கணும் சார். எல்லா அட்டையையும் சேத்துத்தான்,” என்றார்.

“யாரையும் மாத்தலைங்க மேடம்,” என்றார் பூபதிராஜா. “ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. குப்பண்ணன் மாதிரி அனுபவம் யாருக்குங்க இருக்குது?”

அன்று பிற்பகலே சரக்கு எடைபோடும் தராசை மேலாளரின் அறைவாயிலுக்கு இழுத்துவந்தனர். குப்பண்ணனின் முழங்கால் பாரம் தூக்க இடங்கொடாது என்பது ஆலை முழுவதும் அறிந்த செய்தி. ஆகவே அவர் நாற்காலியைத் தராசருகே போட்டு அமர்ந்து, புதிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். பூபதிராஜா சட்டைக் கைகளை மடித்துவிட்டு, முதல் உருளையைத் தழுவித் தூக்கித் தராசில் ஏற்றினார். சந்தனம் அவர் மார்பில் ஒட்டிற்று. குப்பண்ணன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, எண்ணைப் பார்த்தார், உருளையின் கழுத்தில் பொறித்திருந்த வெற்றெடையையும் பார்த்தார், கழித்துப் பார்த்தார்.

“ரெண்டு கிலோ கொறையுதுங்க. வாயு பாதி போயிருச்சு,” என்றார். “எதுக்கும் எறக்கிப்போட்டு மறுக்கா ஒருவாட்டி வைங்க. நாம் பாக்காம எழுத மாட்டனுங்க.”

பூபதிராஜா இறக்கினார், மீண்டும் தூக்கி வைத்தார்.