ஓவர் சொல்லாமல் போனவள்

1

இந்தக் கதை ஒரு வங்கி வாசலில் பிறந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் யாரையோ "ரொம்ப ஓவராப் போறே நீ" என்று திட்டி முடிக்கவும், பக்கத்தில் காவலாளி வாக்கிடாக்கியில் "கேட்டைத் திறந்தாச்சு, ஓவர்" என்று சொல்லவும் சரியாக இருந்தது. இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் முகஜாடைகூட ஒத்துப்போகவில்லை.

வீட்டுக்கு வந்து ஆங்கில அகராதியைத் திறந்தேன். அடேயப்பா! ஆற்றுக்கு மேலே பாலம் போனால் ஓவர். திருடன் சுவரைத் தாண்டினால் ஓவர். கட்டிலில் போர்வையை விரித்தால் ஓவர். பால் பொங்கி வழிந்தாலும், படம் முடிந்தாலும், நிலத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டாலும், காபி குடித்தபடி இரண்டு பேர் சமாதானம் பேசினாலும் அதே ஓவர். தமிழில் இதற்கெல்லாம் தனித்தனியாக ஆள் போட்டிருக்கிறோம். அங்கே ஒண்டி ஆள், முகம் சுளிக்காமல் எல்லா வேலையையும் பார்க்கிறது. நான் சொக்கிப் போய்விட்டேன்.

ஒரு சொல்மேல் இப்படி ஆசை வந்தால் மனிதன் என்ன செய்வான்? கதை எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "மேகங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்த விமானி தன் மனைவியை நினைத்து"

(அடித்துவிட்டேன். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலோர இருக்கை மட்டும்தான்.)

இரண்டாம் தொடக்கம்: "இன்ஸ்பெக்டரின் வயர்லெஸ் கரகரத்தபோது"

(வேண்டவே வேண்டாம். போலீஸ் உள்ளே வந்தால் கதை அவர் பின்னாலேயே போய்விடும்.)

மூன்றாம் தொடக்கம்: "அவள் அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள் கணவர் அடுக்குமாடி கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டினார்."

இது நிற்கிறது. அவளை அகராதிக்காரி என்றே கூப்பிடுவோம். அவள் பிரிவின் தலைவருக்கு அலுவலகம் முழுக்கக் கத்திரி என்று பெயர். யார் எதை எழுதிக் கொண்டுபோனாலும் பாதியை வெட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. புதிய பதிப்புக்கு 'ஓவர்' என்ற சொல்லின் பதிவை எழுதும் வேலை அவளிடம் வந்திருந்தது. மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். அவளோ கேட்டு வாங்கிக்கொண்டாள்.

3

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் குறை சொல்லக் கூடாது.

கல்யாணமான புதிதில் சண்டை வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் பேசியதும் யார் காதிலும் ஏறாது. கிரேன்காரருக்கு அது தாங்கவில்லை. அவர் தொழிலில் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நிற்பவரின் வாக்கிடாக்கிக் குரல்தான் கண். ஒருவர் பேசி 'ஓவர்' சொன்ன பிறகே அடுத்தவர் வாயைத் திறக்க வேண்டும். "வீட்டுலயும் அப்படியே வெச்சுக்கலாம்மா" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

அவள் விளையாட்டாக மீறுவாள். அவர் மீறவே மாட்டார். ஒரு தடவை வேண்டுமென்றே ஓவர் சொல்லாமல் அவள் ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டே போக, மனுஷன் வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார்.

(இப்படி ஒரு ஆள் இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். இருப்பார். தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பைத் தொங்கவிட்டு, கீழே இருப்பவன் சொல்லி முடிக்கும்வரை விரலை அசைக்காமல் காலம் தள்ளியவருக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கும்.)

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய தம்பி போன் செய்தான். கட்டட வேலையில் கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்கிறவன் அவன்தான். "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாத. மாமாவுக்கு மேல தலை சுத்திருச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சாம். பாரத்தை எப்படியோ இறக்கிட்டாரு" என்றான்.

(தம்பிமேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. கோள் சொல்லவே பிறந்தவன் மாதிரி வருகிறானே என்று ஒரு வரைவில் தூக்கிவிட்டேன். அந்த வரைவில் அவளுக்கு விஷயமே தெரியவில்லை, கதையும் நகரவில்லை. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.)

அவள் நேரே சமையலறைக்குப் போனாள். அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தலை சுத்துனா பொண்டாட்டிகிட்ட சொல்லணும்னு தோணலையா? நான் என்ன மூணாம் மனுஷியா? போதும், இறங்கிடுங்க. கீழே ஆயிரம் வேலை இருக்கு. மேலதான் இருப்பேன்னு என்ன வீம்பு? என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சீங்களா? நான்…"

அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். அழுவதை அவர் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. காபி போட்டு வைத்தார். அவள் குடையைச் சரிசெய்தார். கேட்டதற்குத் தலையாட்டினார். காலையில் கிளம்பி வழக்கம்போலக் கூண்டுக்கு ஏறினார். 'தப்பு செஞ்சது அவரு, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிறதும் அவரா' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் ஒவ்வொரு பகலும் உயிர் போய் வந்தது.

5

அலுவலகத்தில் பதிவு வளர்ந்தது. ஏசி சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அந்தச் சொல்லை மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். 'மேலே' என்பது தொடாமல் மேலே இருப்பது. 'மூடி' என்றால் தொட்டுக்கொண்டு மேலே இருப்பது. 'தாண்டி' என்றால் மேலே போய் அந்தப் பக்கம் இறங்கிவிடுவது. இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால் 'முடிந்தது'. ஒரே மனிதனின் ஒரு நாள் பயணம் மாதிரி அர்த்தங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து வந்தன. அவளுக்குச் சண்டையே மறந்துவிட்டது. எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறது, பார்! வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கத்திரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிரமாதம்மா. வெட்ட எடமே தெரியல. ஆனா ஒண்ணு. எல்லா உதாரணத்துலயும் யாரோ ஒருத்தர் உசரத்துலயே நிக்கிறாரே. பாவம், கொஞ்சம் எறக்கி விடக் கூடாதா?"

"நானும் அதைத்தான் சார் கேக்கறேன்" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது வாக்கிடாக்கி ஓவர். 'என் பேச்சு முடிந்தது. இனி நீ பேசு' என்று எழுதினாள். உதாரணத்துக்கு உண்மையான வாக்கியம் ஒன்று வேண்டும் என்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"எழுதிக்கோக்கா. 'தரைக்கு ரெண்டடி இருக்கு, நிறுத்துங்க, ஓவர்.' ஓவரை மட்டும் முழுங்கிடாத. எனக்கு ஒரு நாள் நடுவுல தும்மல் வந்து விட்டுப்போச்சு. மாமா கல்லு மாதிரி ஒக்காந்திருக்காரு, பதிலே இல்ல. 'என்ன மாமா கோவமா, ஓவர்'னு கேட்டா, 'நீ இன்னும் முடிக்கலையேடா'ங்கறாரு!"

அன்று சமையலறையில் எந்தச் சொல்லோடு கதவைச் சாத்தினோம் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். தம்பி "அக்கா? அக்கா?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

6

சாயங்காலம் அவர் கொடியிலிருந்து எடுத்த போர்வையைத் தனியாக மடிக்கப் பார்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மறுமுனையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் பாதியில போயிட்டேன்."

அவர் தலையாட்டினார்.

"திட்டுனதெல்லாம் சொல்லிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லல." அவள் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்கு. நீங்க வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க இல்லாத வீட்டுல எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அவ்ளோதான்." மூக்கை உறிஞ்சினாள். "ஓவர்."

அவர் பெருமூச்சு விட்டார். இத்தனை நாள் அடக்கியது.

"நீ இன்னும் மெயின் விஷயத்துக்கே வரலன்னு தெரியும்மா. அதான் காத்திருந்தேன். எனக்கும் பயம்தான். உங்கிட்ட சொன்னா நெஜமாயிடுமோன்னு சொல்லல. அது என் தப்பு. நாளைக்கு லீவு போட்டுட்டேன், டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போவோம். ஏறக் கூடாதுன்னா ஏற மாட்டேன், சத்தியமா. ஒருவேளை ஏறலாம்னு சொல்லிட்டார்னா…"

நின்றுவிட்டார். ஓவர் சொல்லவில்லை.

7

ஏறலாம் என்று டாக்டர் சொன்னால்? அந்த வாக்கியத்தை முடிக்க நானும் முயன்றேன். "அப்பவும் எறங்கிடறேன்" என்று எழுதினேன். அவருக்கு அந்தக் கூண்டு எவ்வளவு பிடிக்கும் என்பது நினைவுக்கு வந்தது, அடித்தேன். "ஏறுவேன், நீ பயப்படாதே" என்று எழுதினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதையும் அடித்தேன். "நீ சொல்றபடி" என்று எழுதினேன். பாரத்தை அவள் தலைமேல் இறக்கிவிட்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

அவர்கள் இன்னும் போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவளுக்குக் குறுக்கே பேச நாக்கு துடிக்கிறது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அவர் வாக்கியத்தை இனி நீங்கள்தான் முடிக்க வேண்டும். நான் பாட்டுக்கு எழுந்து போய்விடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோமே. உங்களைக் காக்க வைத்த பாவம் எனக்கு வேண்டாம்.

ஓவர்.