இடது பக்கச் சட்டைப்பை

செங்கோடன் இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை வடிவமைத்தது நான். மில் வேலையை ஓர் இரவு ஷிப்ட்டின் பாதியிலேயே விட்டுவிட்டு, புதுச்சத்திரத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்திருந்தேன். கொடுத்த படத்தில் அவர் முகம் பலகைக்கு வெளியே பார்த்தது. உள்ளே பார்த்தால் நன்றாக இருக்கும் என்று படத்தை இடவலமாகத் திருப்பினேன். சட்டைப்பை வலது பக்கம் போய்விட்டது. அதை வெட்டி இடது நெஞ்சில் ஒட்டினேன். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

கன்னத்துத் தழும்பும் பக்கம் மாறியிருந்தது. அதைக் கண்டேன், விட்டுவிட்டேன்.

போர்வெல் போடும் ரிக் வண்டியில் குழாய் அடித்து விழுந்த தழும்பு அது. அதன் பிறகு அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு படம்தான். வருடம் திரும்பும்போது அவர் தம்பி கந்தவேல் தோட்டத்தில் சிமென்ட் சிலை வைக்கப் படம் கேட்டார். பிளெக்ஸ் படத்தையே கொடுத்தேன்.

சிலை செய்யும் குமாரசாமியின் கொட்டகைக்குப் பெரிய பிரிண்ட் கொண்டுபோன அன்று, செங்கோடனின் மனைவி வசந்தாமணியும் வந்திருந்தார். சிலையைப் பார்த்ததும், "தழும்பு எடது கன்னத்துலங்க" என்றார்.

"படத்துல வலதுலதான இருக்குது அம்மிணி" என்றார் குமாரசாமி.

"நாந்தானுங்க தெனமும் மருந்து போட்டேன்."

கந்தவேல் சிரித்தார். "எதுத்தாப்புல நின்னு பாத்ததைச் சொல்றீங்க அண்ணி. உங்களுக்கு எடதுன்னா அவருக்கு வலது."

"சோத்துக்கை எதுன்னு தெரியாதவளாட்டம் பேசறீங்க!"

குமாரசாமி பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்தார். "சில பேரு படத்தைத் திருப்பிப் போட்டுருவாங்க. பையைப் பாத்தா தெரிஞ்சுரும். இதுல பை எடது பக்கந்தான் இருக்குது." என்னிடம் திரும்பினார். "ஏந்தம்பி, திருப்புனீங்களா?"

இந்த வேலையும் போனால் மறுபடி மில்தான்.

"இல்லீங்க. எடுத்தது எடுத்தபடியே இருக்குது."

வசந்தாமணி தன் கன்னத்தைத் தொட்டார். மறு கையால் மறு கன்னத்தையும் தொட்டார். "அப்ப நாந்தான் மறந்துட்டனாட்டம் இருக்குது" என்றார்.

பத்து நாள் பொறுத்தேன். வண்ணம் பூசப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் திருப்பாத பழைய படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொட்டகைக்கு எடுத்துப்போனேன். மூவரும் இருந்தார்கள். திருப்பியதையும் பையை ஒட்டியதையும் பொய் சொன்னதையும் சொன்னேன்.

கந்தவேல் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் பை இடது பக்கம் இருந்தது.

"அன்னைக்கும் சத்தியமாட்டத்தான் சொன்ன. இதையும் நீதான் ஒட்டுனியோ என்னமோ. இதுல எதைடா நம்பறது?"

"என்னைய நம்ப வேண்டாமுங்க. அவங்களைக் கேளுங்க."

குமாரசாமி கரண்டியில் சிமென்டை எடுத்துக்கொண்டு நின்றார். "சொல்லு அம்மிணி. நீ சொல்ற பக்கம் வெச்சுத் தாரேன்."

வசந்தாமணி படங்களைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினார்.

"பத்து நாளா வலதுன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டனுங்க" என்றார். "இப்ப தழும்பு ரெண்டு பக்கமும் வருது."