எருதுக்கும் தொட்டிக்கும் நடுவில்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதுகிறவள் ஏஞ்சலின், மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. 2014இல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கடையில் மறந்துவிட்டுப் போன தாளிலிருந்து கதையைத் தொடங்கினாள்:

‘மேல்பட்டாம்பாக்கத்துக்கு அருகே அவுரித் தோட்டம் வைத்திருந்த வில்மட் துரை திவாலாகிச் செத்தபோது, துரைசானி பியானோவின் மேல் தலைசாய்த்து’

வேண்டாம். (துரைசானி அழட்டும். அதை எழுத வேறு ஆட்கள் இருப்பார்கள்.)

2
அந்தத் தாள் துரையின் சொத்துப் பட்டியல். பியானோ ஒன்று. எருது பதினான்கு. முன்பணம் வாங்கிய கூலிகள் முப்பத்தொருவர். நீலச் சாயம் எடுக்கும் அவுரித் தொட்டி ஆறு. ஊரெல்லாம் கடன் வைத்தவன் துரை. பட்டியல்படி அவனுக்கு வர வேண்டியதோ ராயப்பன் என்ற கூலியிடம் ஏழு ரூபாய்!

ராயப்பனைப் பற்றி அந்த ஒரு வரிதான் இருக்கிறது. என்ன எழுதினாலும் அப்பாவின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

3
அப்பா இன்னாசிமுத்து. நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கான்ட்ராக்ட், பெர்மனென்ட் ஆகவேயில்லை. வாரக் கூலியை ‘அட்வான்ஸ்’ சீட்டில் கையெழுத்து வாங்கித்தான் கான்ட்ராக்டர் கொடுப்பார். மாதக் கடைசியில் கணக்கை முடித்துச் சீட்டுகளைக் கிழித்துப்போடுவது வழக்கம். போன மாதம் கிழிக்கவில்லை. திவாலாகிவிட்டதாக மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தனக்கு வர வேண்டிய பாக்கியில் அப்பாவின் பெயரையும் சேர்த்துவிட்டார்: ஏழாயிரத்து இருநூறு.

“கடனை ஒத்துகினு கையெழுத்துப் போடணுமாம். போட்டாத்தான் கேட் பாஸாம். புது கான்ட்ராக்டரு அவரு மச்சான்தான்” என்றார் அப்பா.

“செஞ்ச வேலைக்குக் கூலிப்பா அது! கடனா?”

“சீட்டுல நான்தானம்மா கையெழுத்துப் போட்டுகினு வந்தேன். இல்லன்னு எப்பிடிச் சொல்றது?”

இந்த யோக்கியதைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றியவன் ஏசி காரில் போகிறான், இவர் வாக்குத் தவறக் கூடாதாம்.

4
முடிவு ஒன்று: ராயப்பன் ஒரு தொட்டியை உடைக்கிறான். (பொய். உடைத்திருந்தால் பட்டியலில் ஐந்துதான் இருக்கும்.)

முடிவு இரண்டு: அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிப்டுக்கு

முடிவு மூன்று: அப்பா போடவில்லை. சோற்றுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கேளுங்கள், அவளுக்கும் தெரியாது.

5
“பேனா எங்கம்மா?”

வீட்டில் இருந்த ஒரே பேனா கதை எழுதிக்கொண்டிருந்த பேனா. ஏஞ்சலின் கொடுக்கவில்லை, கதையையும் அதோடு நிறுத்திவிட்டாள்.

கையெழுத்து: ........................

உங்கள் சட்டைப் பையில் பேனா இருக்கிறது. அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கொடுங்கள், கொடுக்காமல் போங்கள், உங்கள் இஷ்டம். அவரைக் கடன்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.